டூட்டி முடிந்த பிறகும் கடமை உண்டா? அவசர சேவைப் பணியாளர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலுதவி வகுப்பு எடுக்கப் போகும் இடங்களில் எல்லாம் இந்தக் கேள்விகள் வந்துவிடுகின்றன. கேட்பவர்களில் ஒரு பகுதி பொதுமக்கள்: "அவங்க நர்ஸ்தானே, ஏன் நிக்காம போனாங்க?" மறுபகுதி அந்த நர்ஸ்களும் தீயணைப்பு வீரர்களும் ஆம்புலன்ஸ் பணியாளர்களும்தான்: "நான் நின்னே ஆகணுமா?" அவரவர் கேட்ட வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. சட்டம் பற்றிச் சொல்லியிருப்பவை பொது விளக்கம் மட்டுமே. நீங்கள் வாழும் இடத்தின் சட்டத்தையும் உங்கள் துறையின் விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

டூட்டியில இல்லாத நேரத்துல உதவி செஞ்சே ஆகணுமா, வேண்டாமா? ஒரே வரியில சொல்லுங்க.

முடிந்ததைச் செய்ய வேண்டும். டூட்டியில் இருந்தால் செய்வதை எல்லாம் செய்ய வேண்டியதில்லை.

இங்கே இரண்டு கடமைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று வேலைக் கடமை. சம்பளம், சீருடை, வண்டி, கருவி, மேலதிகாரி, காப்பீடு எல்லாம் அதோடு சேர்ந்து வருகின்றன. ஷிஃப்ட் முடிந்தால் அதுவும் முடிகிறது. இன்னொன்று, கண்ணெதிரே ஒருவர் உயிருக்குப் போராடும்போது பக்கத்தில் இருக்கிற யாருக்கும் உள்ள கடமை. அதற்கு ஷிஃப்ட் கிடையாது. கணக்காளருக்கும் உண்டு, கல்லூரி மாணவருக்கும் உண்டு. பயிற்சி பெற்றவரிடம் இந்த இரண்டாவது கடமை கூடுதல் கனம் பெறுகிறது, ஏனென்றால் அவரால் முடிவது அதிகம். முதல் கடமை அவரோடு வீட்டுக்கு வருவதில்லை. கீழே உள்ள பதில்களில் பாதி இந்தப் பிரிப்பிலிருந்தே வருகின்றன.

சட்டப்படி கட்டாயமா? நிக்காம போனா ஜெயிலா?

எந்த நாடு என்பதைப் பொறுத்தது. ஐரோப்பாவின் பல நாடுகளில் ஆபத்தில் இருப்பவருக்கு உதவாமல் போவதே குற்றம். அது பணியாளருக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும். ஜெர்மனியின் தண்டனைச் சட்டம் 323சி பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். பிரான்ஸில் 223-6 பிரிவு ஐந்தாண்டு வரை சிறை, 75,000 யூரோ வரை அபராதம் என்கிறது. இது ஏட்டுச் சட்டம் மட்டுமல்ல. 2016இல் ஜெர்மனியின் எசன் நகரில் ஒரு வங்கிக் கிளையில் முதியவர் ஒருவர் சரிந்து விழுந்து கிடந்தார். பணம் எடுக்க வந்தவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். பின்னால் அவர் இறந்துபோனார். தாண்டிப் போனவர்களில் மூவருக்கு 2017இல் நீதிமன்றம் அபராதம் விதித்தது.

ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில் வந்த நாடுகள் நேர் எதிர். இங்கிலாந்திலும் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் அந்நியரைக் காப்பாற்றியாக வேண்டும் என்ற பொதுக் கடமை சட்டத்தில் இல்லை. விதிவிலக்காக வெர்மான்ட் மாநிலம், உதவியே ஆக வேண்டும் என்று 1967இல் ஒரு சட்டம் போட்டது. மீறினால் அபராதம் அதிகபட்சம் 100 டாலர். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் இரக்கமில்லாமல் உதவ மறுப்பது குற்றம். இந்தியாவிலும் வழிப்போக்கருக்குப் பொதுக் கடமை கிடையாது. ஆனால் விபத்தில் சம்பந்தப்பட்ட வாகன ஓட்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவில் கடமை உண்டு.

கடமை விதிக்கும் சட்டங்கள்கூடத் தன் உயிரைப் பணயம் வைக்கச் சொல்வதில்லை. "தனக்கு ஆபத்தில்லாமல்" என்ற நிபந்தனை ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது.

உதவி பண்ணப் போய் கேஸ்ல மாட்டிக்கிட்டா யார் காப்பாத்துவா?

அதற்காகத்தான் நல்ல சமாரியன் சட்டங்கள் வந்தன. வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியருக்கு உதவிய பைபிள் உவமை மனிதரின் பெயர் அது. கலிபோர்னியா 1959இல் தொடங்கிவைத்தது. இன்று அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. இந்தியாவில் 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் சாலை விபத்தில் உதவுபவர்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்குச் சட்ட வலிமை கொடுத்தது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் 134ஏ பிரிவாகவே அது நுழைந்தது. நிபந்தனைகள் எங்கும் கிட்டத்தட்ட ஒன்றே: தானாக முன்வந்து, நல்லெண்ணத்தோடு, காசு எதிர்பாராமல் செய்திருக்க வேண்டும், படுமோசமான அலட்சியம் இருக்கக் கூடாது.

பலருக்கும் ஆச்சரியம் தரும் ஒரு விஷயம் இதில் உண்டு. இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் டூட்டியில் இல்லாதவருக்குத்தான். டூட்டியில் இருப்பவருக்கு ஏற்கெனவே கடமை இருப்பதால் அவரைத் 'தானாக முன்வந்தவர்' என்று சட்டம் பார்ப்பதில்லை. ஆகவே "டூட்டியில் இல்லாமல் கை வைத்தால்தான் சிக்கல்" என்ற பயம் தலைகீழானது.

சட்டம் எழுதப்பட்ட விதத்திலும் ஓட்டைகள் உண்டு. கலிபோர்னியாவில் விபத்துக்குள்ளான காரிலிருந்து உடன் வேலை செய்பவரை இழுத்து வெளியே போட்ட ஒரு பெண் மீது வழக்கு வந்தது. மாநிலச் சட்டம் மருத்துவ உதவியை மட்டுமே காக்கும், இழுத்துக் காப்பாற்றியதைக் காக்காது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2008இல் சொன்னது. மறு ஆண்டே சட்டத்தைத் திருத்தினார்கள். சொந்த ஊர்ச் சட்டத்தைப் படியுங்கள் என்று மேலே சொன்னது இதனால்தான்.

டாக்டருங்க சத்தியம் எடுத்திருக்காங்களே, அவங்களுக்கு டூட்டி நேரம்னு ஒண்ணு உண்டா?

சத்தியத்தைவிடத் தொழில் நெறிமுறைதான் இங்கே முக்கியம். பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் தன் மருத்துவர்களிடம், மருத்துவமனைக்கு வெளியேயும் அவசரம் நேர்ந்தால் உதவ முன்வர வேண்டும் என்று சொல்கிறது. கூடவே மூன்றைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது: தன் பாதுகாப்பு, தன் திறன், வேறு உதவி கிடைக்குமா என்பது. சட்டம் கட்டாயப்படுத்தாத நாட்டில்கூட மருத்துவப் பதிவுக்குப் பிரச்சினை வரலாம் என்பது இதன் பொருள்.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வழக்கு நடந்தது. 2002இல் ஒரு பெண் மருத்துவர் இரவில் கார் ஓட்டிப் போகும்போது, இன்னொரு வாகனம் அவர் கார்மீது மோதப் பார்த்துச் சாலையை விட்டு விலகிப் போய் விபத்துக்குள்ளானது. அதிர்ந்துபோன அவரிடம் கைப்பேசியும் இல்லை, டார்ச்சும் இல்லை, மருத்துவக் கருவியும் இல்லை. இறங்கிப் பார்க்காமல் நேரே காவல் நிலையத்துக்குப் போய்த் தகவல் சொன்னார். இறங்கிப் பார்த்திருக்க வேண்டும், தொழில் நெறி தவறிவிட்டார் என்று 2013இல் தீர்ப்பாயம் சொன்னது. அப்படி ஒரு குறிப்பிட்ட கடமை அந்தத் தொழிலில் பொதுவாக ஏற்கப்பட்டிருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

எனக்கு இரண்டாவது தீர்ப்பே சரி. இருட்டில், வெறுங்கையோடு, நடுங்கிக்கொண்டு நிற்பதைவிட ஆள் அனுப்பியதுதான் உருப்படியான உதவி என்று அவர் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. கையில் வேலை செய்யும் கைப்பேசி இருந்திருந்தால் என் பதில் வேறு.

போலீஸ், ஃபயர், ஆம்புலன்ஸ் எல்லாருக்கும் ஒரே கணக்கா?

இல்லை. போலீஸ்காரருக்குப் பல இடங்களில் அதிகாரம் டூட்டி நேரத்தோடு முடிவதில்லை. ஆகவே துறையே ஓரளவு எதிர்பார்க்கும். ஆனால் சாதாரண உடையில் துப்பாக்கியோடு ஓடும் போலீஸ்காரரை, வண்டியில் வரும் சக போலீஸ்காரருக்கே அடையாளம் தெரியாது. 2009 மே மாதம் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், தன் காரை உடைத்த திருடனைத் துரத்திப்போன டூட்டியில் இல்லாத இளம் காவலர் ஒருவர் சக காவலரின் குண்டுக்குப் பலியானார். ஆகவே ஆயுதம் சம்பந்தப்பட்ட இடத்தில் நல்ல சாட்சியாக இரு, உடனே தகவல் சொல், உயிர் போகும் நிலை என்றால் மட்டும் இறங்கு என்பதே விவேகம்.

தீயணைப்பு வீரரின் திறமையில் பெரும்பகுதி அவருடைய உடையிலும் மூச்சுக் கருவியிலும் தண்ணீர்க் குழாயிலும் குழுவிலும் இருக்கிறது. அவை இல்லாமல் புகைக்குள் போனால் அவரும் இன்னொரு பலிதான். தீயைவிட முன்னதாகப் புகையும் கார்பன் மோனாக்சைடும் ஆளை வீழ்த்திவிடும். வெளியே நின்று ஆட்களை வெளியேற்றுவது, கதவை மூடிவைக்கச் சொல்வது, உள்ளே எத்தனை பேர், எந்த அறை என்று விசாரித்துவைப்பது ஆகியவற்றில்தான் அவர் அனுபவம் பேசும்.

ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கு வேறொரு எல்லை. பல அமைப்புகளில் ஊசி, மருந்து, மூச்சுக்குழாய் போன்றவற்றை ஒரு மருத்துவரின் அதிகாரத்தின் கீழ்தான் அவர்கள் செய்கிறார்கள். டூட்டி முடிந்தால் அந்த அதிகாரமும் இல்லை. அடிப்படை முதலுதவிக்கு யார் அனுமதியும் தேவையில்லை.

கையில ஒண்ணுமே இல்லாம நின்னு என்ன பிரயோஜனம்?

நிறைய. மூச்சு நின்று கிடப்பவருக்குத் தேவை இரண்டு கைகள். மார்பின் நடுவே 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். திடீர் இதயநிறுத்தத்தில் எதுவும் செய்யாமல் விடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. ஆம்புலன்ஸ் எட்டு நிமிடத்தில் வந்தாலும் அந்த எட்டு நிமிடம் யாருடையது என்பதுதான் கேள்வி. பீறிடும் ரத்தத்தை அழுத்திப் பிடிக்கச் சுத்தமான துணி போதும். மயங்கியிருந்தாலும் மூச்சு சீராக விடுபவரை, கழுத்தில் முதுகில் அடி என்ற சந்தேகம் இல்லாவிட்டால், ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம்.

1997 ஆகஸ்ட் 31 பின்னிரவில் பாரிஸின் ஆல்மா சுரங்கப்பாதையில் டயானா பயணித்த கார் மோதியபோது, முதலில் நின்றவர்களில் ஒருவர் விருந்து முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அவசர மருத்துவர். டூட்டியில் இல்லை, காருக்குள் இருப்பது யார் என்றும் அவருக்குத் தெரியாது. நிலைமையைப் பார்த்தார், அவசர எண்ணுக்குச் சொன்னார், தன் காரில் இருந்த சுவாசப் பையை எடுத்துவந்து மூச்சுக்கு உதவினார், குழு வந்ததும் விட்டுக்கொடுத்தார். அவர் செய்தது அவ்வளவுதான். நான் வகுப்பில் கேட்பதும் அவ்வளவுதான்.

பயிற்சி பெற்றவர் தொலைபேசியில் சொல்லும் நான்கு வாக்கியம்கூட வேறு தரம். "ஆக்சிடென்ட், சீக்கிரம் வாங்க" என்பதற்கும், "இருவர், ஒருவருக்கு மூச்சு இல்லை, மற்றவர் காருக்குள் சிக்கியிருக்கிறார், எரிபொருள் கசிகிறது" என்பதற்கும் எந்த வண்டியை அனுப்புவது என்பதே மாறிவிடும்.

ஏற்கெனவே நாலு பேர் நிக்கறாங்க. நானும் போகணுமா?

நிற்பவர்கள் எண்ணிக்கை எதையும் சொல்லாது. 1968இல் டார்லி, லடானே என்ற உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் ஒலி கேட்கச் செய்தார்கள். தான் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அவர் பேச்சு ஓய்வதற்குள் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம் பேர்தான். மீதிப் பேர் கல்நெஞ்சர்கள் இல்லை. யாராவது செய்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்குள் "நான் நர்ஸ், வழி விடுங்க" என்ற ஒரு குரல் போனால் நிலைமை மாறுகிறது. "நீல சட்டை அண்ணா, நீங்க ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க" என்று ஆளைச் சுட்டி வேலை கொடுங்கள். மாறாக, தெரிந்தவர் ஒருவர் ஏற்கெனவே சரியாகச் செய்துகொண்டிருந்தால், "உதவி வேணுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நகரலாம். சும்மா நிற்கும் ஐந்தாவது நிபுணர் போக்குவரத்து நெரிசல்தான்.

இருபத்துநாலு மணி நேர ஷிஃப்ட் முடிச்சு கண்ணு சொருகுது. அப்பவும் நிக்கணுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குற்ற உணர்வோடு கேட்கிறார்கள், அந்த உணர்வே வேண்டாம். ஓய்வும் வேலையின் பகுதி. நாளை காலை நீங்கள் மருந்தின் அளவைச் சரியாகக் கணக்கிட வேண்டிய நோயாளியும் ஒரு அந்நியர்தான், அவரை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவே. அதற்காகப் பார்த்தும் பார்க்காததுபோல் போகலாம் என்று பொருளல்ல. வண்டியை ஓரங்கட்டிப் போன் செய்வதற்குத் தெளிந்த மூளை தேவையில்லை. அந்த அளவுக்குக்கூட முடியாத தூக்கம் என்றால் நீங்கள் வண்டியே ஓட்டக் கூடாது, அது தனிப் பிரச்சினை.

தூக்கத்தையும் அவசரத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1973இல் டார்லியும் பேட்சனும் இறையியல் மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பேச அனுப்பி, வழியில் ஒருவரைச் சுருண்டு கிடக்க வைத்தார்கள். அவசரம் இல்லாதவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். அவர்களில் சிலர் பேசப் போனதே நல்ல சமாரியன் உவமையைப் பற்றி!

ஒரு விசேஷத்துல கொஞ்சம் குடிச்சிருக்கேன். இப்ப கை வைக்கலாமா?

மார்பு அழுத்தம், ரத்தத்தை அழுத்திப் பிடிப்பது, போன் செய்வது ஆகியவற்றுக்கு ஒன்றிரண்டு குவளை தடையில்லை. நிதானமான வேறொருவர் இருந்தால் அவரைச் செய்யச் சொல்லி நீங்கள் வழிகாட்டுங்கள். மருந்து கொடுப்பது, முடிவெடுப்பது, வண்டியில் ஏற்றி நீங்களே ஓட்டிப்போவது வேண்டவே வேண்டாம். குடித்திருப்பதை மறைக்காமல், வந்திருக்கும் குழுவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விமானத்திலும் இதே கேள்வி வரும். சுமார் 600 பறப்புகளுக்கு ஒன்றில் மருத்துவ அவசரம் வருகிறது என்றும், அவற்றில் பாதிக்கு அருகில் பயணியாக வந்த மருத்துவரே உதவினார் என்றும் 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் விமானத்தில் உதவும் மருத்துவப் பணியாளருக்குப் படுமோசமான அலட்சியம் தவிர மற்றவற்றுக்குப் பாதுகாப்பு தருகிறது. விமானப் பணிப்பெண்ணிடம் "நான் இதய மருத்துவர் இல்லை, எலும்பு மருத்துவர், ரெண்டு கிளாஸ் வைன் குடிச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை.

கார்ல என் குழந்தை இருக்கு. நெடுஞ்சாலையில நிறுத்த பயமா இருக்கு.

பயம் சரியானது. வேகச் சாலையில் நின்ற வண்டியும் அதிலிருந்து இறங்கியவரும் அடுத்த விபத்துக்குக் காத்திருப்பவர்கள். குழந்தையைத் தனியே விட்டு இறங்க வேண்டாம். பாதுகாப்பான இடம்வரை ஓட்டிப்போய் இடத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள். எந்தத் திசை, எந்தக் கிலோமீட்டர் கல் என்பது முக்கியம். மேலே சொன்ன ஆஸ்திரேலிய மருத்துவர் செய்ததும் கிட்டத்தட்ட இதைத்தான்.

ஆரம்பிச்சுட்டேன். நேரமாகுது, பாதியில விட்டுட்டுப் போகலாமா?

இங்கேதான் நான் கறாராக இருப்பேன். தொடங்காமல் இருக்க உங்களுக்கு நூறு காரணம் இருக்கலாம். தொடங்கிய பிறகு விட மூன்றுதான்: உங்களுக்குச் சமமாகவோ மேலாகவோ தெரிந்தவர் பொறுப்பேற்றுக்கொண்டார், இடம் ஆபத்தாகிவிட்டது, உங்கள் உடம்பு ஓய்ந்துவிட்டது. நீங்கள் குனிந்ததைப் பார்த்து, நிறுத்த நினைத்த இரண்டு பேர் "ஆள் இருக்கு" என்று போயிருப்பார்கள். நீங்கள் எழுந்து போனால் அவர் முன்பைவிட மோசமான நிலையில் இருப்பார். கடமை சுமத்தாத நாடுகளின் நீதிமன்றங்களும் இதில் மாறுகின்றன. அழைப்பை ஏற்று வருகிறோம் என்று சொன்ன ஆம்புலன்ஸ் சரியான காரணமின்றித் தாமதித்ததற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது அந்த அடிப்படையில்தான்.

ஒப்படைக்கும்போது சொல்ல வேண்டியவை: எப்போது பார்த்தீர்கள், எப்படி இருந்தார், என்ன செய்தீர்கள், என்ன மாற்றம். பிறகு கிளம்பலாம்.

"வேண்டாம், என்னைத் தொடாதே"ன்னு அவரே சொல்றாரு. வற்புறுத்தலாமா?

கூடாது. நினைவோடு, புரிந்து பேசுகிற வயதுவந்தவர் மறுத்தால் அது அவர் உரிமை. பேச்சு குழறுகிறது, தலையில் அடி, எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை என்றால் அது தெளிந்த மறுப்பு ஆகாது. இரண்டிலும் போன் செய்யலாம், சற்றுத் தள்ளி நிற்கலாம். மயங்கிக் கிடப்பவர் சம்மதித்திருப்பார் என்றே எடுத்துக்கொள்ளப்படும்.

கார்ல டாக்டர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கார். அப்ப நின்னுதானே ஆகணும்?

சட்டப்படி ஸ்டிக்கர் ஒன்றும் செய்யாது. ஆனால் பார்க்கிங்கில் இடம் கேட்கவும் சோதனைச் சாவடியில் கை காட்டவும் அந்த ஸ்டிக்கரைப் பயன்படுத்துபவர், விபத்தைக் கண்டதும் "நான் டூட்டியில இல்லை" என்றால் கேட்பவர்களுக்கு எரிச்சல் வருவதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். பலனை ஏற்பவர் எதிர்பார்ப்பையும் சேர்த்தே ஏற்கிறார்.

டூட்டியில இருக்கற போலீசுக்கே தனி ஆளைக் காப்பாத்தற கடமை இல்லையாமே? அப்புறம் டூட்டி இல்லாதவரை ஏன் கேக்கறீங்க?

அமெரிக்காவில் ஏறக்குறைய அப்படித்தான். 1989இன் டிஷேனி வழக்கிலும் 2005இன் காசில் ராக் வழக்கிலும் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், தனிநபரைக் காக்கத் தவறியதற்காக அரசின்மேல் அரசியலமைப்பு வழியாக வழக்குத் தொடுக்கும் வழியை மிகவும் குறுக்கிவிட்டது. இங்கிலாந்திலும் 1997இல் ஒரு வழக்கில், தனிநபர் அழைத்தால் வந்தே ஆக வேண்டும் என்ற சட்டக் கடமை தீயணைப்புத் துறைக்கு இல்லை, வந்து நிலைமையை மோசமாக்கினால் மட்டுமே பொறுப்பு என்றார்கள்.

இந்தத் தீர்ப்புகள் சொல்வது "நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட முடியாது" என்பதை மட்டும். "காப்பாற்றாமல் விட்டது சரி" என்று அவற்றில் எங்கும் இல்லை. வராமல் இருந்த காவலரைத் துறை வேலையை விட்டு அனுப்பலாம். ஊர் கேள்வி கேட்கலாம். நீதிமன்றத்தில் நிற்காத கடமைகள்தான் நம்மிடம் அதிகம். பெற்றவர்களோடு அன்பாகப் பேச வேண்டும் என்று எந்தப் பிரிவில் எழுதியிருக்கிறது?

பக்கத்துல ஒருத்தருக்கு ஹார்ட் நின்னுருக்கு, ஆனா எனக்குத் தெரியவே தெரியாது. அதுக்கும் பொறுப்பா?

தெரியாததற்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் தெரியவைக்க இப்போது வழி இருக்கிறது. கலிபோர்னியாவில் ஒரு தீயணைப்புத் துறைத் தலைவர் உணவகத்தில் உட்கார்ந்திருந்தபோது, தன் துறையின் வண்டியே பக்கத்துக் கடைக்கு வந்து நின்றது. அங்கே ஒருவருக்கு இதயம் நின்றிருந்தது, சுவருக்கு இப்பால் இருந்த இவருக்குத் தெரியவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான், அருகில் இருக்கும் பயிற்சி பெற்றவரின் கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் செயலி. ஸ்டாக்ஹோமில் இதே யோசனையைச் சோதித்து 2015இல் முடிவு வெளியிட்டார்கள்: தன்னார்வலருக்குத் தகவல் போன நேர்வுகளில் 62 சதவீதத்தில் ஆம்புலன்ஸ் வருமுன் மார்பு அழுத்தம் கிடைத்தது, தகவல் போகாதவற்றில் 48 சதவீதம்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது அதன் பொத்தான். பெயர் கொடுப்பது உங்கள் விருப்பம், அன்றைக்கு முடியாவிட்டால் அணைத்துவைக்கலாம். டூட்டி முடிந்தவரை ஊரே உரிமையோடு இழுப்பதைவிட இது மரியாதையான வழி.

கத்துக்கிட்டது ஒரு தண்டனையா? நான் கோர்ஸே போகாம இருந்திருந்தா என்னை யாரும் கேக்க மாட்டாங்களே.

தொகுப்பிலேயே கடினமான கேள்வி இதுதான். கேட்டவர் ஓர் இளம் செவிலியர், கோபத்தோடு கேட்டார். திறமை உள்ளவருக்கே சுமை என்றால் கற்காதவருக்குச் சலுகை என்று ஆகாதா?

ஆகும், நாம் கற்காதவரைக் கேள்வி கேட்காமல் விட்டால். நீச்சல் தெரியாதவர் கிணற்றில் குதிக்க வேண்டாம். கயிறு தேடவும் கத்தவும் அவருக்குத் தெரியும். முதல் பதிலில் சொன்ன இரண்டாவது கடமை எல்லாருக்கும் இருக்கிறது. நான்கு மணி நேரத்தில் மார்பு அழுத்தமும் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவதும் கற்றுக்கொள்ளலாம். அதைக்கூடக் கற்காமல், ஷிஃப்ட் முடிந்த செவிலியரைப் பார்த்து "ஏன் நிக்கலை?" என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்கலாம்: "நீங்க ஏன் கத்துக்கலை?" கொஞ்சம் பேருக்குத் தெரிந்திருப்பதால்தான் அந்தக் கொஞ்சம் பேர்மேல் இவ்வளவு பாரம்.

நான் நிக்காம போயிட்டேன். அந்த ஆள் இறந்துட்டாருன்னு மறுநாள் தெரிஞ்சது. நான்தான் காரணமா?

காரணம் நீங்கள் அல்ல. விபத்தையோ மாரடைப்பையோ நீங்கள் உண்டாக்கவில்லை. நின்றிருந்தால் பிழைத்திருப்பார் என்பதும் தெரியாது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில், நல்ல அவசர சேவை இருக்கும் நாடுகளிலும் ஏறக்குறைய பத்தில் ஒருவரே பிழைக்கிறார்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. டூட்டியில் எல்லாம் சரியாகச் செய்தும் இழந்தவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நின்றிருக்க வேண்டுமா என்பது தனிக் கேள்வி. அதற்கு மூன்றை மட்டும் நேர்மையாகப் பாருங்கள்: பார்த்தபோது அது அவசரம் என்று தெரிந்ததா, பாதுகாப்பாக நிறுத்த முடிந்திருக்குமா, போனாவது செய்தீர்களா. மூன்றாவதற்கு 'இல்லை' என்றால் அடுத்த முறை அதை மாற்றிக்கொள்ளலாம். டூட்டியில் நடந்திருந்தால் குழுவாக உட்கார்ந்து பேசியிருப்பீர்கள். வெளியே நடந்ததற்கு அந்த ஏற்பாடு கிடையாது, அதனால்தான் இது பல மாதம் உள்ளே கிடந்து உறுத்துகிறது. சக ஊழியர் ஒருவரிடம் முழுதாகச் சொல்லுங்கள். தூக்கம் கெட்டால், அந்த வழியாகப் போகவே முடியவில்லை என்றால், துறையின் மனநல ஆலோசகரிடம் போங்கள். டூட்டிக்கு வெளியே நடந்தது என்பதற்காக அவர் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்.